பாறை பார்க்க வந்தவர்

விலைக்கு வந்திருந்த குளோரி டீச்சரின் வீட்டு முன்னறையில் சிவபிரசாத் குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாரே, தலை சுத்துதா?" என்றார் புரோக்கர் ராஜையன்.

"இல்ல. அடியில காலியா இருந்தா சத்தம் வேற மாதிரி வரும். அதைத்தான் பாக்கேன்."

சிவபிரசாத்தின் மனைவி ரேஷ்மி, இந்த மனிதருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவபிரசாத்தின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய சித்தப்பா மகன் ஆசையாக ஒரு வீடு வாங்கினான். செங்கல் சூளைக்கு மண் தோண்டிய குழியை மூடி அதன்மேல் கட்டிய வீடு என்பது, சமையலறை ஒரு படி கீழே இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்த வீட்டுக் கதவைச் சாத்த இப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

இந்த வீடு குழித்துறையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. சமையலறைச் சுவரில் மயிரிழையாக ஒரு கீறல்.

"அது பூச்சுல உள்ள கீறலாக்கும். பத்திரம் சுத்தம், வில்லங்கம் ஒண்ணும் கெடையாது" என்றார் ராஜையன்.

"வில்லங்கம் பத்திரத்துலதான் இருக்கணுமா? தரைக்கு அடியில இருந்தா?"

வெளியே வந்ததும் ரேஷ்மி சொன்னாள். "பாத்த வீட்டுல எல்லாம் ஒரு குத்தம் சொல்லியாச்சு. எனக்கு இது பிடிச்சிருக்கு. இதையும் வேண்டாம்னா, அடுத்த வீட்டை நீங்க தனியா போயி தட்டிப் பாருங்க."

அவருக்கும் வீடு பிடித்துத்தான் இருந்தது. அதனாலேயே பயம் கூடியது. அக்கம்பக்கத்தில் பையக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று தெரு முக்கிலிருந்த இஸ்ரவேலின் சாயாக்கடைக்குப் போனார்.

"இந்தப் பக்கம் பாறை எத்தனை அடியில வரும்?"

சாயாவை ஆற்றிக்கொண்டிருந்த இஸ்ரவேலின் கை நின்றது. "எதுக்கு கேக்கிய?"

வீடு வாங்க வந்ததாகச் சொன்னால் குறையை மறைத்துவிடுவார்கள் என்று சிவபிரசாத் நினைத்தார். "சும்மாதான்."

"சும்மா யாராவது பாறையைக் கேப்பாவளா?"

சிவபிரசாத் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அடுத்து, டீச்சரின் பக்கத்து வீட்டு ஓமனாவிடம் அனுமதி கேட்டு அவள் கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கடைசிவரை கருங்கல். யாரும் தோண்டி மூடிய அடையாளமே இல்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"அடடா! ஒரே பாறை! அருமையான கல்லு!"

ஓமனாவின் முகம் மாறியது. அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவள் மதிலுக்கு மேலாக அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, குவாரிக்குக் கல்லு பாக்க ஆளு வந்தாச்சு!"

கிணற்றைப் பார்த்தது மட்டும் போதாது, விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் தூக்கம் வரும் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் சிநேகிதன் ஜெஃப்ரினை அழைத்து வந்தார் சிவபிரசாத். ஜெஃப்ரின் சிவில் இன்ஜினீயர். தரை எந்தப் பக்கமாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, மூன்று கால் ஸ்டாண்டை டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தி, அதன்மேல் கருவியை வைத்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்தான். பின்னால் மலை.

ஊர் திரண்டுவிட்டது.

"அளக்க வந்துட்டானுவ பாருங்க!" இஸ்ரவேல் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "எனக்க உயிரு இருக்கிற வரைக்கும் இந்த மலையில ஒரு கல்லை எடுக்க முடியாது!"

"நான் வீடு வாங்க வந்தவன்" என்றார் சிவபிரசாத்.

"வீடு வாங்க வந்தவனுக்கு எனக்க கெணத்துல என்ன சோலி?" என்று ஓமனா குரலை உயர்த்தினாள்.

ராஜையன் வந்து சாட்சி சொன்னால் தீர்ந்துவிடும். சிவபிரசாத் போனில் கூப்பிட்டார். ராஜையன் போனை அணைத்து வைத்திருந்தார்.

ஜெஃப்ரின் நல்லவன். உண்மையைச் சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்று நம்பினான். "பயப்படாதீங்க. முன்ன எப்பவாவது வெடி வச்சிருந்தா..."

"வெடியா!"

அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை. ஒருவர் ஸ்டாண்டின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் சிவபிரசாத்தின் ஸ்கூட்டர் சாவியை உருவிக்கொண்டார். குளோரி டீச்சர் படியில் நின்று சொன்னார்.

"குவாரிக்காரனுக்கு நான் வீடு தரமாட்டேன். மகன் கூட இருக்க வீட்டை வித்துட்டுப் போனாலும் இது நான் பொறந்த ஊரு."

சிவபிரசாத்துக்கு அழுகை வந்துவிட்டது. "டீச்சரே, எனக்கு மலையும் வேண்டாம், கல்லும் வேண்டாம். எங்க சித்தப்பா மகன் வீடு மண்ணுல எறங்கிப்போச்சு. ராத்திரி அவன் பிள்ளைகளைக் கட்டில்ல படுக்க வச்சிட்டு அவன் முழிச்சு இருக்கான். அந்தப் பயம் எனக்கு வேண்டாம்னுதான், வாங்குறதுக்கு முந்தி தரையைப் பாக்க வந்தேன். இதுல என்ன தப்பு?"

ஸ்டாண்டின் காலைப் பிடித்திருந்தவர் மெல்ல விட்டார்.

முதலில் வாய் திறந்தவள் ஓமனா. "அப்போ, எனக்க அடுக்களையில ஒரு கீறல் உண்டு. அதையும் ஒண்ணு பாக்க முடியுமா?"

அதோடு நிலைமை தலைகீழானது. ஜெஃப்ரினை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். அவன் வீடு வீடாக நுழைந்து, சுவர்களைப் பார்த்து, கிணறுகளை எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் பலாச்சுளை தின்று, வெயில் சாயும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். டீச்சர் வீடு நிற்பது அசையாத பாறைமேல். கீறல் ராஜையன் சொன்னதுபோல் பூச்சில் மட்டும்தான். கிணறு தவிர அந்த ஊரில் யாரும் எதையும் தோண்டியதே இல்லை.

"இனியும் தோண்ட விடக்கூடாது" என்றார் இஸ்ரவேல். கூடியது கூடிவிட்டோம் என்று, மலையைத் தொடக்கூடாதென மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்தை சிவபிரசாத்தைப் போடச் சொன்னார்கள். அடுத்த கிராம சபையில் அது தீர்மானமாகவும் நிறைவேறியது.

வீடும் கைமாறியது. பால் காய்ச்சும் நாளில் ஊரே வந்திருந்தது. ஓமனா அடுக்களைப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இஸ்ரவேல் கடையைப் பூட்டிவிட்டு வந்து எல்லாருக்கும் சாயா போட்டார். ரேஷ்மி ஜன்னலைத் திறந்து மலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அன்றைக்குத் தரையில் காதை வைக்கவில்லை.

பந்தியின் கடைசி வரிசையில், தலையைக் குனிந்தபடி பாயசம் குடித்துக்கொண்டிருந்தார் ராஜையன். ரேஷ்மி அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு இவங்களை ஊரே சுத்தி நின்னு ஏசும்போது எங்க போயிட்டீங்க?"

ராஜையன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முக்குலதான் நின்னேன் மக்கா. மலைக்கு வெலை பேச நெசமான குவாரிக்காரரு ஒருத்தரை அன்னைக்குத்தான் காருல கூட்டிட்டு வந்தேன். வீடு வாங்க வந்தவனுக்கே இந்தப் பாடுன்னா தனக்கு என்ன ஆவும்னு, எறங்காமலே வண்டியைத் திருப்பச் சொல்லிட்டாரு!"