மூச்சு சாமியும் ஒரு டப்பா பட்டியும்

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகி வெகுகாலம் ஆயிற்று. அதைக் கேட்க ஒருவரும் கூடவில்லை. மூச்சு சாமி வருகிறார் என்றதும் மூன்று மாடிப் படிக்கட்டும் நிறைந்துவிட்டது.

சாமிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். சுவரோரம் மெழுகுவத்தியைக் காட்டுவார். சுடர் சாய்ந்தால், இறந்துபோன யாரோ உள்ளே மூச்சு விடுகிறார்கள் என்று பொருள். யார் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். இறந்தவர்கள் மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை.

அன்று மேல்மாடியில் கணக்கு வாத்தியார் வீடு. அவருடைய மூத்த மனைவி இறந்துவிட்டாள். இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாடி வைத்த சீடர் நேராகப் போய் பீரோவை நகர்த்தினார். சாமி சுடரைக் காட்டினார். சுடர் படுத்தே விட்டது.

"மூத்தவ மூச்சு," என்றார் சாமி. "இளையவ இந்த வீட்ல இருக்கிற வரைக்கும் அடங்காது. இவ வெளிய போனாத்தான் பரிகாரம் பலிக்கும்."

விடையைச் சரிபார்க்காத பிள்ளைகளை வெளியே நிறுத்தும் வாத்தியார், இதைச் சரிபார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு உங்கண்ணன் வீட்ல இரேன்," என்றார் மனைவியிடம், முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு அண்ணன் வீடு இருந்தது உண்மைதான். அங்கே அண்ணியும் இருந்தாள். அழலாமா என்று யோசித்தவள், பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

இன்டர்நெட் ஒயர் வெளியிலிருந்து வரும் இடம் அது. ஒயர் பென்சில் தடிமன்கூட இல்லை. ஓட்டையில் மூன்று விரல் தாராளமாகப் போகும். கையை வைத்தாள். காற்று சில்லென்று அடித்தது.

"மூத்தவங்க ஒயர் பக்கத்துலதான் மூச்சு விடுவாங்களா, சாமி?"

"ஆவிக்கு ஓட்டை எதுக்கும்மா? சுவர் முழுக்க அவதான்."

"அப்ப இந்த ஓட்டையை அடைச்சாலும் சுடர் சாயணும்."

"சாயும்," என்றார் சாமி. கூட்டத்தின் முன் தயங்குவது அந்தத் தொழிலுக்கு ஆகாது.

சுவருக்கு வண்ணம் அடித்தபோது மிஞ்சிய பட்டி ஒரு டப்பா பரணில் கிடந்தது. கெட்டியாகப் பிசைந்து, ஒயரைச் சுற்றி இடைவெளியில்லாமல் அப்பினாள். மெழுகுவத்தியைக் காட்டினாள். சுடர் நிமிர்ந்து நின்றது.

"பயந்து ஒதுங்கிட்டா," என்றார் சாமி.

பட்டியைப் பிடுங்கினாள். சுடர் படுத்தது. மறுபடி அப்பினாள். எழுந்தது.

"மூத்தவங்க என் பேச்சை இவ்வளவு கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

கூட்டத்திலிருந்து கீழ்வீட்டுத் தையல்காரர் மெதுவாகச் சொன்னார்: "எங்க மாமனாரும் ஒயர்கிட்டதான் மூச்சு விட்டாரு."

"எங்க அத்தையும்," என்றது இன்னொரு குரல்.

அவள் சீடரைத் திரும்பிப் பார்த்தாள். "பீரோவுக்குப் பின்னாடிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தாடியில்லாம, டிரில் மிஷினோட ஒயர் இழுக்க வந்தது நீங்கதானே?"

சீடர் தாடியைத் தடவினார். அது ஒரு பக்கம் கழன்று வந்தது. "மாமாதான் ஓட்டையைப் பெருசாப் போடச் சொன்னாரு," என்றார், சாமியைக் கைகாட்டி.

மாமா வாசலுக்கு நகர்ந்திருந்தார். ஆனால் படிக்கட்டு நிறைய பக்தர்கள். படிக்குப் படி வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் இறங்க முடிந்தது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "நீ போக வேண்டாம்," என்றார்.

"நான் போறதா எப்பச் சொன்னேன்? பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைங்க," என்றாள். அவர் தள்ளினார்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. தையல்காரர் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, உங்க கைராசியே ராசி. எங்க வீட்டு ஓட்டையையும் நீங்களே தொட்டு அடைச்சுக் குடுத்தா நல்லாருக்கும்."

அவர் பின்னால் ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

அவள் டப்பாவை அவர் கையில் வைத்தாள். "ராசி இல்லைண்ணே, பட்டி. நீங்களே அடைங்க. அடுத்த தடவை சுடர் சாஞ்சா, யாரு செத்தாங்கன்னு கேக்காதீங்க. காத்து எங்கேருந்து வருதுன்னு பாருங்க."