தக்காளிக்குக் குறுக்குக் காற்று அடித்தபோது

நீங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கப் போகிறீர்கள். இப்போதே இல்லை. அதற்கு முன் என் அப்பாவின் கழுத்துத் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா புதிமிர் ஜூன் மாதத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டோடுதான் இருப்பார். மனிதனுக்குச் சாவு மூன்று வழியில் வரும் என்பது அவர் கட்சி: முதுமை, விபத்து, குறுக்குக் காற்று. முதல் இரண்டிலும் தப்பியவர்கள் உண்டாம். வீட்டில் இரண்டு ஜன்னல் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் குறுக்குக் காற்று புகுந்துவிடும் என்று பாய்ந்து ஒன்றை மூடுவார். எங்கள் நிஷ் நகரத்தில் பாதிப்பேர் இப்படித்தான். அப்பா மீதிப்பேருக்கும் சேர்த்து.

பொறுங்கள், சிரிப்பு வரும். இன்னும் தக்காளியே வரவில்லை.

பால்கனியில் எட்டு காலி பிளாஸ்டிக் சீஸ் வாளிகளில் அப்பா தக்காளி நட்டிருந்தார். அம்மா ராத்மிலாவுக்கு அந்தப் பால்கனி மேல் ஏழு வருஷமாகக் கண். கண்ணாடி அடைத்து, அடுப்பு போட்டு, செப்டம்பரில் குடைமிளகாய் சுட்டு அய்வார் தொக்கு கிளற வேண்டும். போன வருஷம் சமையலறையில் சுட்ட புகை இன்னும் திரைச்சீலையில் குடியிருக்கிறது. அப்பா மசியவில்லை.

அந்த ஜூனில் செடிகள் படுத்துவிட்டன. வாடினால் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றினால் இன்னும் வாடும். இன்னும் ஊற்றுவார். காஞ்சொறி இலையை ஒரு வாரம் ஊறவைத்து அதையும் ஊற்றினார். செடி அசையவில்லை. கீழ்வீட்டு டெசாங்கா அத்தைதான் மூக்கைப் பிடித்தார்.

"எட்டும் போயிடும் போலிருக்கு, ராத்மிலா." அப்பாவின் குரல் நிஜமாகவே உடைந்தது.

அம்மா ஒரு வாளியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"நெவெனா, டெசாங்கா மாதிரிப் பேசுவியே. இப்பவும் வருமா?"

வராமலா? கீழே ஓடி, வாசல் இன்டர்காமில் அத்தை மாதிரியே நாலு இருமல் இருமினேன். "தம்பி புதிமிர், அது நோயில்லப்பா. உன் செடிக்குக் குறுக்குக் காத்து அடிச்சிருக்கு."

நான் மேலே வந்தபோது அப்பா வெளுத்துப்போய் நின்றார்.

"என் கழுத்தை மட்டும் கட்டிக்கிட்டேனே. அதுங்களை நினைக்கலையே. கண்ணாடி போட்டுடறேன்."

"கண்ணாடியா? வேண்டவே வேண்டாம்," என்றாள் அம்மா. "திறந்தவெளிதான் அழகு."

"ஏழு வருஷமா நீதானே கேட்டே?"

"மனசு மாறிடுச்சு."

"நான் போட்டே தீருவேன்."

இரண்டே நாளில் போட்டும் தீர்த்தார். மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் அம்மா ஆணியைப் பழுக்கக் காய்ச்சினாள். நான் வாளிகளைப் பிடித்துக்கொண்டேன். வாளிக்கு ஐந்து ஓட்டை. தேங்கிக் கிடந்த தண்ணீர் சாக்கடை வாடையோடு வடிந்தது. அடியில் பூப்போட்ட தட்டுகளை வைத்து மூடினோம்.

ஒரு வாரத்தில் துளிர் வந்தது. அப்பா அதிர்ந்து நின்றார். படிக்கட்டில் டெசாங்கா அத்தையின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். எதற்கென்று அத்தைக்குத் தெரியாது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

"துளிருக்குச் சூடு வேணாமா? பாவம்," என்றாள் அம்மா. அடுப்பை அப்பாவே தூக்கிவந்தார். செப்டம்பரில் அதன் மேல் குடைமிளகாய் வெடித்தது. அடுத்து மேஜை. அதற்கு இடம் பண்ண அப்பா ஒரு வாளியைத் தூக்கினார். செருப்பில் தண்ணீர் சொட்டியது.

அடியைப் பார்த்தார். ஐந்து ஓட்டை. அடுத்த வாளி. ஐந்து. எல்லாம் விளிம்பு கருகிய ஓட்டை. அடுப்பைப் பார்த்தார். மிளகாய்த் தோல் உரிக்கும் அம்மாவைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு இன்டர்காம்ல பேசினது யாரு?"

நாலு இருமல் இருமினேன். "தம்பி புதிமிர், வாயை மூடுப்பா. குறுக்குக் காத்து உள்ள போயிடப் போகுது."