ஷூ போட்டு வந்த சி.ஐ.டி.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதுவரை வேலை பார்த்த ஒற்றர்களிலேயே மகா திறமைசாலி எங்கள் சி.ஐ.டி.தான். பதினோரு வருடம் ஒரு ஷூ கம்பெனிக்குள் இருந்துகொண்டு, ஒருத்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே விடாதவர். அவர் ஒற்றரே இல்லை என்பது அந்தத் திறமைக்கு ஒரு சின்னக் காரணம்.

அவரை ஒற்றர் என்று கண்டுபிடித்த மேதை யார் என்று கேட்பீர்கள். அடியேன்தான். அந்தக் கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவது என் உத்தியோகம். வந்தவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது நானாக எடுத்துக்கொண்ட பொதுச்சேவை.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. அவர் வேலைக்கு ஷூ போட்டுக்கொண்டு வந்தார். ஷூ கம்பெனிக்கு ஷூ போட்டு வருவதில் என்ன அதிசயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நாங்கள் நாள் முழுக்கக் கடல் தாண்டி இருக்கிறவன் காலுக்கு ஷூ தைப்போம். எங்கள் காலில் ரப்பர் செருப்புதான் இருக்கும். உள்ளே ஷூ போட்டு நடப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேனேஜர், இன்னொருவர் எப்போதாவது சரக்கு வாங்க வரும் வெள்ளைக்கார பையர். அப்படிப்பட்ட இடத்தில் தோல் வெட்டும் பகுதிக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு முதல் நாளே வந்து நிற்கிறார். போதாததற்குச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அதை அடிக்கடி எடுத்து எதையோ குறித்துக்கொள்கிறார்.

“இன்னா சார் இவரு, வெட்டறது கம்மி, எழுதறது ஜாஸ்தியா இருக்குது?” என்று கட்டிங் சூப்பர்வைசர் என்னிடம் வந்து கேட்டார்.

“மேனேஜ்மென்ட் ஆளுப்பா. சி.ஐ.டி.” என்றேன்.

கையில் இருந்த டீ ஆறுவதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி போய்விட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ராஜ மரியாதை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘சி.ஐ.டி.’ அவர் கேன்டீனுக்குள் நுழைந்தால், அதுவரை சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அதன் மணத்தைப் புகழ ஆரம்பிப்பார்கள். நோன்பு மாதத்தில் கஞ்சி வந்தால் முதல் டம்ளர் அவருக்கு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாட்ச்மேன் வரைக்கும் இருந்தார்கள், அவரை மட்டும் சேர்க்கவில்லை. தையல் பகுதிப் பெண்கள் சிலர் அவரிடம் நேராகவே மனு கொடுத்துப் பார்த்தார்கள்.

“எங்க லைனுக்கு ஒரு ஃபேன் வோணும்னு மேல சொல்லுங்க சார்.”

“எனக்கு மேல யாரையும் தெரியாதேம்மா.”

“பாத்தியா, எப்படி மறைக்கிறாரு?” என்று அவர்கள் பூரித்துப் போனார்கள். அடுத்த வாரம் தற்செயலாக அந்த லைனுக்கு ஒரு ஃபேன் வந்து தொலைத்தது. அதற்குப் பிறகு அவரே சத்தியம் செய்திருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் ஓர் ஆட்டுத்தோலுக்குத் தரம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. புரட்டிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், அதன்பிறகுதான் பின்பக்கம் சீல் குத்துவார்கள். மனுஷனுக்கு அவ்வளவு மெனக்கெடுவதில்லை, ஒரு ஜோடி ஷூ போதும்.

நான் பெயர் வைத்த இன்னொருத்தி மெஹ்ருன்னிசா. தையல் மெஷினில் அவள் கை போகிற வேகத்தைப் பார்த்து ‘எக்ஸ்பிரஸ் மெஹ்ரு’ என்று வைத்தேன். இதாவது நல்ல பெயர் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. கணவர் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வேலைதான் எல்லாமே.

ஒருநாள் அவள் தைத்த ஒரு லாட் முழுவதும் தையல் ஓரத்தில் கிழிந்துகொண்டு திரும்பி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அவள் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

“நல்லா தைக்கிற பொண்ணு சார்,” என்று முனகினேன்.

“ஊரே எக்ஸ்பிரஸ்னு கூப்பிடுதே, சும்மாவா? அவசரத்துல அடிச்சித் தள்ளியிருக்கா,” என்றார் மேனேஜர்.

நான் ஆசையாக வைத்த பெயரே அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. அன்று முதல்முறையாக என் பொதுச்சேவை எனக்கே கசந்தது.

மெஹ்ரு சி.ஐ.டி.யிடம் ஓடினாள். “நீங்க சொன்னா மேனேஜர் கேப்பாரு சார். என் பசங்க படிப்பு நின்னுடும்.”

வழக்கம்போல “எனக்கு யாரையும் தெரியாது” என்று சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர், “எந்த லாட்டும்மா?” என்று கேட்டார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தார். கணக்கு முடிக்கும் காகிதத்தோடு நான் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவரைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்து நின்றார். என்னை ஒரு நாளும் உட்காரச் சொல்லாத மனிதர் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

சி.ஐ.டி. உட்காரவில்லை. நோட்டைத் திறந்து படித்தார். “இந்த லாட்ல மூணு கட்டு, முதல் தரம்னு சீல். எல்லாம் வயித்துப் பக்கத் தோல், தொளதொளன்னு இருக்குது. சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். ‘சீல் இருக்குதில்ல, வெட்டு’ன்னாரு. தையல் மேல தப்பு இல்ல சார். ஊசியே படாத துண்டு ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க, இழுத்துப் பாப்போம்.”

கொண்டு வந்தார்கள். மேனேஜரே இழுத்தார். அது ஈர அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. மெஹ்ருவின் காகிதத்தை மேனேஜரே வாங்கிக் கிழித்தார்.

சி.ஐ.டி. போனதும் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இவர் வெளியிலேர்ந்து வந்த யூனியன் ஆளுய்யா. ஷூவும் நோட்டுமா இருக்கறதைப் பார்த்து அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். இவர்கிட்ட ஜாக்கிரதையா நடந்துக்க.”

கீழே வந்தால், “பாத்தியா, மேனேஜ்மென்ட்ல எவ்ளோ செல்வாக்கு,” என்று தொழிலாளிகள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் தங்கள் சந்தேகம் நிரூபணமாகிவிட்ட சந்தோஷம்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டேன்.

“நோட்டுல இன்னா எழுதறீங்க?”

“எந்தத் தோல்ல இன்னா குறைன்னு. பழைய கம்பெனியில தோல் குறையை என் தலையில கட்டிட்டாங்க சார். அதிலேர்ந்து எழுதி வச்சிக்கறேன்.”

“ஷூ?”

“அங்கதான் தோல் வெட்டற இரும்பு டை கால்ல விழுந்து மூணு விரல் போய்டுச்சு. செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது,” என்றவர், “நீங்க இன்னா நெனைச்சீங்க?” என்று கேட்டார்.

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

போன வருடம் என் மகள் கல்யாணம். அவர் ஓய்வு பெற்று வாணியம்பாடியில் இருந்தார். பதிவேட்டில் தினமும் நான் எழுதிய பெயரை முதல்முறையாக மரியாதையோடு உறையில் எழுதினேன்: பொன்னுரங்கம் அவர்கள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று பத்திரிகை திரும்பி வந்துவிட்டது.

நேரில் போனேன். தெருவில் நாலு பேரிடம் பொன்னுரங்கம் வீட்டைக் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினார்கள். ஷூ போட்டிருப்பாரே என்றதும், “சி.ஐ.டி. வூடா?” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். நான் வைத்த பெயர் எனக்கு முன்பே அங்கே குடியேறியிருந்தது.

“உறையில சி.ஐ.டி.ன்னே எழுதியிருக்கலாமே சார்,” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். மேடைப் படியில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் பரிசுப் பெட்டியோடு கீழேயே நின்றார்.

“கூட்டமா இருக்குது. இங்கேர்ந்தே வாழ்த்திடறேன் சார்.”

எனக்குப் புரிந்தது. மேலே போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கீழே இறக்கிக் கூட்டி வந்தேன்.

“யாருப்பா இவரு?” என்று மகள் என் காதோரம் கேட்டாள்.

பழக்க தோஷத்தில் அந்தப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

“பொன்னுரங்கம் மாமா,” என்றேன். “என் தோஸ்த். கால்ல வுழுந்து கும்புட்டுக்கோ.”