படம் பார்க்க விடாத அப்பா

உலகத்தில் அப்பாக்கள் பல வகை. அடிக்கிறவர்கள், அடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டுகிறவர்கள், வெளியே பூனையாகவும் வீட்டுக்குள் புலியாகவும் நடமாடுகிறவர்கள். இவர்களையெல்லாம் நீங்களே அறிவீர்கள். நான் சொல்ல வந்தது வேறொரு வகை. பிள்ளைக்கு ஆசை ஆசையாகப் படப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து, அதில் ஒரே ஒரு படத்தைக்கூட அது நிம்மதியாகப் பார்க்க விடாத அப்பா.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். குழந்தை பக்கத்தைத் திருப்புவதற்குள் இவருடைய விரல் அங்கே போய் நின்றுகொள்ளும். குழந்தை "ஐ, வாத்து!" என்று கை கொட்டினால், "எத்தினி வாத்து?" என்பார். எண்ணிச் சொன்னால், அதில் நீந்துவது எத்தனை, கரையில் நிற்பது எத்தனை, ஆக மொத்தம் எவ்வளவு என்பார். வாத்து பறந்து போய்விடும். கணக்கு மிஞ்சும். பூவைக் கண்டால் நிறத்தைக் கேட்டு, சூரியனைக் கண்டால் திசையைக் கேட்டு, நரியைக் கண்டால் அதன் குணத்தைக் கேட்டு, கடைசிப் பக்கத்தில் அந்தக் குழந்தை இன்னும் ஏதாவது இருக்குமோ என்று அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுலேர்ந்து நீ இன்னா கத்துக்கினே?" என்பார். குழந்தை கற்றுக்கொண்டது ஒன்றுதான். இனிமேல் இவர் பக்கத்தில் உட்காரக் கூடாது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பழக்கமான ஒருவர் மீஞ்சூரில் இருக்கிறார். தினமும் காலையில் என் கண்ணாடியில்தான் முகச்சவரம் செய்துகொள்கிறார். பெயர் மணவாளன்.

எங்கள் குடும்பத்தில் முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், கதிர் அடித்தவர்கள். நான் பள்ளி இறுதி வகுப்பை முடித்து, கும்மிடிப்பூண்டியில் புதிதாக முளைத்த ஒரு தொழிற்சாலையில் போல்ட் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் ஆனேன். போல்ட்டை எடு, அளவுக் கருவியில் போடு, பொருந்தினால் இந்தப் பெட்டி, பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டி. பகல் முழுக்க இந்த வேலையே செய்கிற மனிதனுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. குழம்பின் உப்பு, கதவின் கீல், துணி காயப்போட்ட கொடியின் தொய்வு என்று எல்லாவற்றையும் சரிபார்த்து முடிவு சொல்வேன். ஒருநாள் என் மனைவி கங்கம்மா கேட்டாள்:

"என்னிய கட்டிக்கினு வந்தியே, அப்ப இன்னா வெச்சிய்யா அளந்து பாத்தே?"

நான் கொடியை இழுத்துக் கட்டப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில், எழுபத்து நாலாம் வருஷம் என்று நினைவு, பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு புத்தக வண்டி வந்து நின்றது. வண்டியின் பக்கப் பலகையைத் தூக்கிவிட்டால் உள்ளே வரிசை வரிசையாகப் புத்தகம். அவற்றில் தமிழில் பெயர்த்து ருஷ்யாவில் அச்சடித்த படப் புத்தகங்களும் இருந்தன. நான் படித்த காலத்தில் புத்தகத்தில் படம் என்றால் மையில் மூழ்கிய ஒரு கறுப்புத் திட்டு. வாத்தியார் மாடு என்று சொன்ன பிறகுதான் அது மாடு. இங்கேயோ தாம்பாளம் போன்ற அகலம், வழுவழுவென்ற தாள், விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படும்படியான சிவப்பு. ஒரு கரடி கையில் டீ போடுகிற கெட்டிலைத் தூக்கிக்கொண்டு தன் அத்தை வீட்டுக்குப் போகிறது. பக்கத்துக்கு ஒரு வரிதான் எழுத்து. மீதியெல்லாம் படம். என் மகள் செண்பகம் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அவளுக்கென்று வாங்கினேன்.

அவளுக்கென்றுதான் வாங்கினேன். ஆனால் மீஞ்சூர் வரும் வரை பாசஞ்சர் ரயிலில் யார் பார்த்தது? நான். எத்தனை முறை? அதைக் கேட்காதீர்கள். எதிர் இருக்கைக்காரர் கழுத்தை நீட்டினார். நான் புத்தகத்தை மார்போடு சாய்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் காக்கித் தாளில் அட்டை போட்டேன். கரடியும் கெட்டிலும் தாளுக்கு அடியில் போயின. மேலே என் பெயரையும் பதவியையும் அழகான எழுத்தில் எழுதினேன். பிறகு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

"இன்னாய்யா, புள்ளக்கி வாங்கியாந்தத பொட்டில வெச்சிப் பூட்டற?" என்றாள் கங்கம்மா.

"கிழிச்சிடுவா. ஞாயித்துக்கெழம நானே காட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செண்பகம் கையைக் கழுவினாள். நான் சரிபார்த்தேன். மறுபடி கழுவினாள். பாயில் உட்கார்ந்தோம். முதல் பக்கத்தைத் திறந்ததும் அவள் கண் விரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன பிரயோசனம்? என் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"இது இன்னா எடம், சொல்லு?"

அவள் அந்த வெள்ளை வெளியை விரலால் தடவினாள். "உப்பளம், நைனா."

அத்திப்பட்டுப் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே உப்பு குவிந்து கிடப்பது அப்படித்தான் இருக்கும்.

"தப்பு. பனி."

"மார்கழில புல்லு மேல வுழுமே, அதுவா?"

"அது வேற பனி."

"அப்ப இது எந்தப் பனி?"

எந்தப் பனி? எனக்கு எப்படித் தெரியும்? நான் மீஞ்சூரைத் தாண்டி வடக்கே போனது கும்மிடிப்பூண்டி வரைக்கும்தான். ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் வகைக்குக் கிடையாது. "குறுக்க குறுக்கப் பேசாத. கரடிக்கு எத்தினி காலு?" என்றேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளும் இப்படியே போயின. டிரங்குப் பெட்டி கிறீச்சிட்டதும் செண்பகத்துக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. முதலில் ஓமத்தண்ணீர் கொடுத்தோம். நான் வேலைக்குப் போன நாட்களில் வயிறு வலிப்பதே இல்லை என்று கங்கம்மா சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் வேறு, "வாசிக்கச் சொன்னா வாயே தொறக்க மாட்டேங்கறா" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் எழுத்து என்பதே என்னோடுதான் ஆரம்பித்தது. அது என்னோடே முடிந்துவிடுமோ?

தொழிற்சாலையில் என் சிநேகிதர் பாக்கியநாதனிடம் புலம்பினேன். அவர் லேத் மெஷின்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவரும் எங்கள் வகைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"நீ ரொம்ப எளக்காரம் குட்த்துட்ட, மணவாளா. வாரம் ஒரு டெஸ்ட்டு வெய்யி. மார்க்கு போடு. எம் பசங்க ரெண்டும் புத்தகத்தப் பாத்தாலே அப்டியே நடுங்கும்" என்றார் பெருமையாக.

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அந்த வாரமே ஒரு சிவப்புப் பென்சிலும் வாங்கினேன்.

அப்போதெல்லாம் மின்வெட்டுக் காலம். மறுவாரம் ஒருநாள் நடுப்பகலில் மெஷின்கள் எல்லாம் நின்றுபோக, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் மீஞ்சூரில் இறங்கி வீட்டை நெருங்கியபோது உள்ளே திருவிழாக் கூட்டம் போலச் சத்தம். பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்கு என்ன காரணத்தாலோ அரைநாள் விடுமுறை. ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

டிரங்குப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தெருப்பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் புத்தகம். காக்கித் தாள் போன இடம் தெரியவில்லை. கரடி மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள் அதற்கு முன்னால் மண்டியிட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வாயே திறக்க மாட்டேன் என்கிறவள். ஒரு ஓரத்தில் கங்கம்மா மீனை ஆய்ந்துகொண்டே, "அப்பறம் இன்னாடி ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாவி எப்படி வெளியே வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்பறம் கரடி அத்திப்பட்டுல ரயிலு ஏறிச்சி. டிக்கிட்டு இல்ல. டிக்கிட்டு கேக்கறவரு வந்தாரு. கரடி கெட்டிலு உள்ள பூந்துக்கிச்சி."

"அம்மாம் பெரிய கரடி எப்டி பூரும்?" என்றாள் எல்லம்மா. பக்கத்து வீட்டுப் பெண். செண்பகத்தைவிட ஒரு வயது மூத்தவள்.

"மூச்சை இப்டி இழுத்துக்கினா பூரும்" என்று செண்பகம் மூச்சை இழுத்துக் காட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நானும் இழுத்துப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

கரடி பொன்னேரியில் இறங்கியது. உப்பளத்தில் நடந்தது. பாதத்தில் காயம் இருந்ததால் எரிந்தது. கெட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டது. அடுத்த பக்கத்தில் வேலி ஓரமாகத் தாடிவைத்த ஒரு கிழவர் நிற்கிற படம். அவரைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. நான் அவரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இவுரு யாரு?" என்றது ஒரு குரல்.

"இவுருதான் கேள்வி மாமா. வேலிய தொறக்கணும்னா கேள்வி கேப்பாரு. உனுக்கு எத்தினி காலு? ஒழுங்கா எண்ணு! கையக் கழுவினியா? மறுபடி கழுவு!"

குரலைக்கூட என்னைப் போலவே கட்டையாக்கிக்கொண்டாள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். கங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கரடிக்கு வவுறு வலி வந்துட்ச்சி. குந்திக்கிச்சி."

"கரடி அவர கட்ச்சி துன்னுடுமா?" என்று எல்லம்மா ஆவலாகக் கேட்டாள்.

எனக்கும் அந்தப் பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. செண்பகம் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ச்சீ, இல்ல. அவுரு நல்லவரு. அவருக்கு யாரும் கத சொன்னதே இல்ல. அதான் கேட்டுக்கினே கீறாரு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தொழிற்சாலையில் எத்தனை அதிகாரிகள் என்னைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக ஒருவரும் எழுதியதில்லை.

அதற்குள் உள்ளே தகராறு. கரடி போவது மாமன் வீட்டுக்கு என்றாள் எல்லம்மா. அத்தை வீட்டுக்கு என்றாள் செண்பகம். "பொய்யி!" "நீதான் பொய்யி!" என்று கத்திக்கொண்டே செண்பகம் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்து, பக்கங்களைப் புரட்டி, ஒரு வரியின்மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, மூக்கு வியர்க்க வியர்க்க வாசித்தாள்.

"க...ர...டி... அத்...தை... வீட்...டுக்...கு... பாத்தியா! அத்த! அத்த!"

வாசித்துவிட்டாள். டெஸ்ட்டு இல்லை, மார்க்கு இல்லை, சிவப்புப் பென்சில் இல்லை. சண்டையில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது. கூட்டம் பொசுக்கென்று கலைந்தது. எல்லம்மா பின்வாசல் வழியாக ஓடினாள். ஓடிய அவசரத்தில் யாருடைய காலோ பட்டு ஒரு பக்கம் பாதிவரை கிழிந்தது. செண்பகம் கிழிந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய இன்னொரு கை வயிற்றுக்குப் போனது.

"இந்தா பாரு, நாந்தான் சாவிய எடுத்துக் குட்த்தேன். புள்ளய எதுனா சொன்ன..." என்று கங்கம்மா மீன் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

சட்டையோடு, செருப்போடு, பாயில் உட்கார்ந்தேன். கை கழுவவில்லை.

"வேலி தொறந்துச்சா, இல்லியா?" என்றேன்.

செண்பகம் என்னைச் சந்தேகமாக உற்றுப் பார்த்தாள். "டெஸ்ட்டா நைனா?"

"இல்லம்மா. எனக்கு மெய்யாலுமே தெரியாது."

அந்தச் சொல்லை உச்சரிப்பதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் சொன்னதும் அவள் வயிற்றிலிருந்து கை இறங்கியது. மெல்ல நகர்ந்து வந்து என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். கரடி கேள்வி மாமாவுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்ததையும், அவர் குடித்துவிட்டுத் தானும் அத்தை வீட்டுக்கு வருவதாக அடம்பிடித்ததையும், இரண்டு பேரும் ரயிலில் ஜன்னல் ஓர இடத்துக்குச் சண்டை போட்டதையும் சொன்னாள். இவ்வளவும் அந்தப் புத்தகத்தில் இருந்ததா? நான் ரயிலில் அத்தனை முறை பார்த்தும் எனக்கு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லையே!

நான் திருந்திவிட்டேன் என்று நீங்கள் முடிவுகட்டினால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு பக்கம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது பக்கத்தில், கரடி அந்தக் கெட்டிலையே தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நடந்ததாக அவள் சொன்னபோது, "அதெப்டி, டீ சூடா இருக்குமே" என்று வாய் தவறி வந்துவிட்டது. கங்கம்மா அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். செண்பகம் பெருமூச்சு விட்டாள்.

"நைனா, நீ கொஞ்ச நேரம் வெளிய போய் குந்தேன். முடிச்சிட்டு கூப்டறேன்."

போய்க் குந்தினேன். அடுத்த தடவை புத்தக வண்டி வந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய், அவளையே எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு திமிங்கிலத்தை எடுத்தாள். நான் விஞ்ஞானப் புத்தகம் ஒன்றைத் தாடையால் சுட்டிக் காட்டினேன். கை கட்டியிருந்ததே தவிர, தாடை கட்டவில்லை. அவள் கண்டுகொள்ளவில்லை. வீடு வந்து சேர்வதற்குள், அவள் சொன்ன கதையில், பழவேற்காடு ஏரியில் மாட்டிக்கொண்ட அந்தத் திமிங்கிலத்தை அங்கேயுள்ள செம்படவர்கள் பின்னாலிருந்து தள்ளித் தள்ளிக் கடலுக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், தாராளமாக. ஆனால் உங்கள் வீட்டில் இப்போது ஒரு குழந்தை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறதா? அதை நேராகத் திருப்பி வைத்துவிடலாமே என்று உங்கள் கை லேசாக நீளுகிறதா?

வாருங்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். வெளியே இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.