மிதுஷாவின் ஐந்து நிமிடம்

கலைஞர்களைப் போற்றுவதில் எங்கள் ஃபாரஸ்ட் கேட் முத்தமிழ் மன்றத்தை வெல்ல இலண்டனில் இனி ஒரு மன்றம் பிறந்துதான் வரவேண்டும்.

சான்று வேண்டுமா? நடிகை மிதுஷாவைக் கேளுங்கள். பதினைந்து வருசமாக ஆங்கில மேடையிலும் திரையிலும் நடிக்கிறாள். முதல் ஐந்து வருசம் பிணம். அடுத்த ஐந்து அகதி. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் டொக்டர். டொக்டரான கையோடு அவளுக்குள் ஒரு கலைஞர் இருப்பது மன்றத்துக்குத் தெரியவந்தது. உடனே 'நாடகப் பேரொளி' பட்டம் தயார்.

மிதுஷாவுக்குப் பட்டம் தேவைப்படவில்லை, ஆட்கள் தேவைப்பட்டார்கள். முதன்முதலாக அவள் கதாநாயகியாக நடிக்கும் நாடகம் அறுபது இருக்கை அரங்கொன்றில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தது ஒன்பது பேர். வரும் வெள்ளிக்கிழமையும் அரங்கு நிரம்பாவிட்டால் நாடகத்தை நிறுத்திவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

"ஒரு ஐஞ்சு நிமிசம் தாங்கோ அங்கிள். ஒரு காட்சி நடிச்சுக் காட்டிச் சனத்தைக் கூப்பிடுறன்," என்று மன்றத் தலைவர் வைத்தியநாதனிடம் கேட்டாள்.

"ஐஞ்சென்ன பிள்ளை, பத்து எடுங்கோ!"

ஞாயிறு பின்னேரம் விழா. மங்கல விளக்கு ஏற்றினார்கள். ஏற்றியவர்களை வரவேற்றார்கள். வரவேற்றவருக்கு நன்றி சொன்னார்கள். பதினொரு பேர் வாழ்த்தினார்கள். தலைவர் மட்டும் ஐம்பது நிமிடம் பேசினார். கலைக்குப் பேச்சு உதவாது, நடிப்புத்தான் உயிர் என்பதை ஏழு தரம் விளக்கினார். மிதுஷா மேடையோரத்தில் வேசம் கட்டிக்கொண்டு, வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிக் காத்திருந்தாள், பாவம்.

பொன்னாடை போர்த்திப் படமும் எடுத்தாயிற்று. அவள் வாயைத் திறக்கத் தலைவர் மைக்கை வாங்கினார்.

"நேரம் போதாமையால் பேரொளியின் நடிப்பு இடம்பெறாது. ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் குடுக்கவேணும். சுடச்சுடப் பொரிச்ச ரோல்ஸும் ஆறுது."

மிதுஷா விட்டாளா? பொன்னாடையோடு ரோல்ஸ் வரிசைக்குப் போனாள்.

"வெள்ளிக்கிழமை என்ர நாடகத்துக்கு வருவியளே அன்ரி?"

வரிசையில் நின்ற வசந்தமலர் அன்ரி அவளின் கையைப் பிடித்துக்கொண்டா. "வராமல் என்ன! அது கிடக்கட்டும், இந்தப் பிரஷர் குளுசை சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?"

"அன்ரி, நான் உண்மையான டொக்டர் இல்லை."

"பிள்ளையின்ர அடக்கத்தைப் பாருங்கோவன்!"

அதற்குள் தலைவர் ரோல்ஸும் கையுமாக வந்தார். "வெள்ளியோ? அண்டைக்கு ஒருத்தருக்கும் ஏலாது பிள்ளை. மன்றத்தில பெரிய கருத்தரங்கு. தலைமை நீங்கள்தான்!"

"என்ன தலைப்பு அங்கிள்?"

"'தமிழர் ஏன் நாடகம் பார்ப்பதில்லை?'"

வெள்ளிக்கிழமை கருத்தரங்குக்கு இருநூறு பேர்; நிற்க இடமில்லை. அதே நேரம் மிதுஷா ஏழு பேருக்கு முன்னால் உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் கடைசி ஆட்டம்.

மன்றமோ இரண்டரை மணிநேரம் ஆராய்ந்தது. முடிவில் மேடையில் வெறுமையாகக் கிடந்த தலைமை நாற்காலியைச் சுட்டிக்காட்டி, வைத்தியநாதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது:

"எங்கட கலைஞர்கள் கூப்பிட்டாலும் வருகினமில்லை. பிறகு சனம் எப்பிடி வரும்?"