கரடிக்கு வந்த காய்ச்சல்

கரடி மறுபடியும் பாதி முடியோடு நின்றுவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டு, மனைவியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து பார்த்தால் திரை கறுப்பு. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. காலையிலிருந்து ஒழுங்காக ஓடிய பிராசஸர், அவர் அந்தப் பக்கம் போனதும் சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டுவிட்டது. நேற்றும் இதே கூத்து.

குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் செய்கிறவர் அவர். படத்தில் வரும் கரடியின் ஒவ்வொரு முடியையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டுமே என்று, கடையில் இருந்ததிலேயே பெரிய பிராசஸராக வாங்கியிருந்தார். அது மின்சாரத்தை மடக்கு மடக்கென்று குடித்து, அத்தனையையும் சூடாக்கி அறைக்குள் விட்டது.

மேலாளர் போனில் சொல்லிவிட்டார். "வீட்லேர்ந்து முடியலன்னா திங்கக்கிழமை கிளம்பி இங்க வந்துடுங்க. படம் முடியிற வரைக்கும் ஆபீஸ்லயே தங்கிக்கலாம்."

ஆபீஸ் இருப்பது வேறு ஊரில். மனைவிக்கோ நிறைமாதம். பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அந்த மனிதரின் ஆசை.

மகளுக்குத் துணையாக வந்திருந்த மாமனார், தையல்கடையில் காலம் தள்ளியவர். ஊசி நூலோடு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் அறையிலேயே உட்கார்ந்திருப்பார். "இந்த அடைமழைக்கு வீட்லயே கதகதப்பான எடம் இதுதான் மாப்ள."

மாப்பிள்ளை பெரிய விசிறி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் மாட்டினார். மேல் ஓட்டை வழியாக அனல் பறந்தது.

"பலே மாப்ள! இப்பதான் காத்து நல்லா வருது," என்று கையை நீட்டிப் பார்த்துப் பாராட்டினார் மாமனார்.

அன்று கரடி இன்னும் சீக்கிரமாகவே நின்றது.

அடுத்து ஏசி. ஏசியும் பெட்டியும் சேர்ந்து ஓடியதில் வீடு முழுக்கக் கரண்ட் போனது. "சார், இந்த வயர் ரெண்டையும் தாங்காது," என்றார் எலக்ட்ரீஷியன். சரி, பிரிட்ஜை நிறுத்தி ஏசியைப் போட்டார். பால் திரிந்ததுதான் மிச்சம். மத்தியானம் வந்து பார்த்தால் ஏசியும் ஓடவில்லை.

"நான்தான் அணைச்சேன். ஜில்லுன்னு இருந்தா எனக்கு வேலை ஓடாது மாப்ள."

பெரியவரை என்ன சொல்வது? பிரிட்ஜையே மறுபடியும் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் வீங்கின காலைப் பிடித்துவிட்டபடி, "குழந்தை வர்றப்ப நான் இருக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் வயிற்றைத் தடவினாள். "அப்பா வர்ற வரைக்கும் உள்ளயே இருடான்னு சொல்லி வைக்கிறேன். நீங்க அழாதீங்க."

வேறு வழி தெரியவில்லை. ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டியைத் தூக்கினார். உள்ளங்கை அகலச் சட்டைகளை ஒரு பக்கெட் நிறைய எடுத்துக்கொண்டு மாமனார் எதிரே வந்தார்.

"ஐயையோ மாப்ள, அதை எங்க தூக்குறீங்க? குழந்தைக்குத் தைச்சதையெல்லாம் கஞ்சி போக அலசி, தினம் நீங்க சாப்பிடப் போனதும் அது மேலதானே பரப்புறேன். துணி காஞ்சதும் தானா நின்னுடுற மெஷின் வேற எங்க கிடைக்கும்!"