மீன்தொட்டிக்குப் பொட்டு வைத்தவள்

ஒரு பொருளை உடைத்துவிட்டால் உடனே போய் ஒப்புக்கொள்கிற தைரியம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. முதலில் மறைப்பேன், பிறகுதான் யோசிப்பேன். கல்யாணமாகி அடையாறு ஃபிளாட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் மாமனாரின் மீன்தொட்டியை உடைத்தபோதும் அதே வரிசைதான்.

மாமா அப்போது என்னிடம் நேராகப் பேசமாட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "அந்தப் பொண்ணு சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று அத்தையிடம்தான் சொல்வார். (அத்தையும் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று மொழிபெயர்ப்பார்.) கோபமெல்லாம் இல்லை, கூச்சம். தன்னுடைய மூன்று தங்கமீன்களிடம் மட்டும் தாராளமாகப் பேசுவார். நமக்கும் ஒரு நாள் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஹாலில் துணி தேய்த்து முடித்து, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். டங்! தொட்டியின் கீழ் மூலையில் துவரம்பருப்பு அளவுக்குக் கண்ணாடி பெயர்ந்துவிட்டது. நல்லவேளை, தண்ணீர் கசியவில்லை. நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். (சிரிக்காதீர்கள், அந்த நேரத்துக்கு அதுதான் தோன்றியது.)

மாலையில் மாமா பார்த்துவிட்டார். "இது என்னன்னு கேளு" என்றார் அத்தையிடம்.

"திருஷ்டிக்கு மாமா" என்றேன். "மீனெல்லாம் ரொம்ப அழகா இருக்குல்ல, கண்ணு பட்டுடப் போகுதுன்னு..."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இனி உண்மையை எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் பொட்டுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிய ஆரம்பித்தது. ஓட்டையை அடைக்கிற சிலிகான் பசை வாங்க ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். "இன்னாத்துக்குமா சிலிகான்? பாத்ரூமுக்கா?" என்றார் கடைக்காரர். மீன்தொட்டி என்றால் மாமா காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து, ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த டியூபில் மீனுக்கு ஆகாத மருந்து கலந்திருக்கும் என்பதோ, ஈரக் கண்ணாடியில் சிலிகான் பிடிக்காது என்பதோ எனக்குத் தெரியாது. வெளிப்பக்கமாக அப்பி (மீன்கள் பிழைத்தது அதனால்தான்), மேலே ஒரு பெரிய பொட்டை ஒட்டினேன். அது காயக் காய வீடெங்கும் வினிகர் வாடை. அத்தை ஊறுகாய் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. மாமாவோடு பீச்சில் நடக்கும் நண்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். "எங்க சார் அந்தத் திருஷ்டிப் பொட்டு? மருமகளைப் பத்தி நாலு நாளா இதே பேச்சா இருக்கு!" என்றார் ஒருவர். என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர் பீச்செல்லாம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்! இன்னொருவர் குனிந்து, "அட, நல்லா பெருசாவே வெச்சிருக்கே" என்று பொட்டைத் தொட்டார். பொட்டு, சிலிகான், இன்னும் கொஞ்சம் கண்ணாடி எல்லாம் அவர் விரலோடு வந்தன. அவருடைய வெள்ளை வேட்டியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

மீன்களைச் சாம்பார் குண்டானுக்கு மாற்றிய பிறகு, ஈரத் தரையில் நின்று அழுதேன். "திருஷ்டிக்கு இல்ல மாமா. நான்தான் உடைச்சேன். பயந்துபோய் பொய் சொல்லிட்டேன்."

மாமா அத்தையைத் தேடவில்லை. என்னையே பார்த்தார்.

"கால்ல கண்ணாடி ஏதும் குத்திச்சாம்மா?"

அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதேன்.

அடுத்த நாள் மாமாவும் நானும் தொட்டியைக் காலி செய்து, மூலையை பிளேடால் சுரண்டித் துடைத்துக் காயவைத்தோம். மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகான் வாங்கி, உள்பக்கம் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினோம். அது இறுகும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மீன்கள் பக்கெட்டில் இருந்தன. மாமா அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மீன்களை மறந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அத்தைக்கு மொழிபெயர்ப்பு வேலை போய்விட்டது.

போன மாதம் மாமா சமையலறை வாசலில் வந்து தயங்கி நின்றார். கையில் அத்தை உயிராக வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் தட்டு, இரண்டு துண்டாக. "உன்கிட்டதாம்மா மொதல்ல சொல்றேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துண்டுகளை வாங்கிக்கொண்டு அத்தையிடம் போய், நான்தான் உடைத்தேன் என்று சொன்னேன்.

அத்தை அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ உடைச்சிருந்தா இந்நேரம் பொட்டு வெச்சிருப்பியே" என்றார்.